‘கெட்’ நம் ‘கிட்டு’தானா?

கேட்டவர் இரண்டு கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். ஆங்கிலத்தில் ‘கெட்’ என்ற ஒரு வினைக்கு ஏன் இத்தனை பொருள், அதை எப்படி மனத்தில் இருத்திக்கொள்வது என்பது முதல் கேள்வி. எடுத்துக்காட்டாக ஒரு வாக்கியமும் தந்திருக்கிறார்: “ஐ காட் அப் லேட், காட் ரெடி, காட் தி பஸ், காட் டு தி ஆபீஸ், அண்ட் காட் ஸ்கோல்டட்.” ஐந்து இடத்திலும் அதே சொல், ஐந்து இடத்திலும் தமிழில் வேறு வேறு சொல். இரண்டாவது கேள்வி, இந்தக் ‘கெட்’ நம் ‘கிட்டு’ என்ற சொல்லிலிருந்து போனது என்று பரவலாகச் சொல்கிறார்களே, அது உண்மையா என்பது.

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். அது தெளிந்தால் முதலாவதில் பாதி அவிழ்ந்துவிடும்.

உண்மை இல்லை. ‘கெட்’டுக்கும் ‘கிட்டு’க்கும் பிறப்புத் தொடர்பு கிடையாது.

ஆனால் இப்படி நினைப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ‘வாய்ப்புக் கிட்டியது’ என்று நாம் எழுதுகிறோம். மலையாளத்தில் ‘கிட்டியோ?’ என்றால் ‘கிடைத்ததா?’ என்றுதான் அர்த்தம். அங்கே அது அன்றாடம் வாயில் புழங்கும் சொல். ஒலியும் ஒத்துப்போகிறது, பொருளும் ஒத்துப்போகிறது, பிறகென்ன என்று தோன்றுவது இயல்பு. கல்லூரியில் படித்த நாளில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் சொற்களின் உறவை முகச்சாயல் வைத்து முடிவுசெய்ய முடியாது. இன்றைய முகத்தை விட்டுவிட்டு, ஆயிரம் ஆண்டுக்கு முன்னால், இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் அந்தச் சொல் எப்படி இருந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும். உறவுள்ள சொற்கள் பின்னே போகப் போக நெருங்கி வரும். உறவில்லாதவை விலகிப் போகும்.

சாயல் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஐரோப்பாவுக்குள்ளேயே ஒரு சான்று உண்டு. ஆங்கிலத்தில் ‘ஹேவ்’, லத்தீனில் ‘ஹபேரே’. இரண்டுக்கும் பொருள் ‘வைத்திரு, உடைமையாகக் கொள்’. ஆங்கிலமும் லத்தீனும் ஒரே இந்தோ-ஐரோப்பியக் குடும்பம். இதைவிட நெருக்கம் வேண்டுமா? ஆனால் இவை இரண்டும் உறவுச் சொற்கள் அல்ல. ‘ஹேவ்’ என்பதன் லத்தீன் உறவு ‘காபெரே’, அதாவது ‘பிடி’. ‘கேப்சர்’ என்ற சொல் அதன் வழி வந்தது. ‘ஹபேரே’யின் ஆங்கில உறவாக அறிஞர்கள் காட்டுவது ‘கிவ்’, அதாவது ‘கொடு’. ஒரே குடும்பத்துக்குள்ளேயே சாயல் இப்படிப் பொய் சொல்லுமானால், இரண்டு வேறு குடும்பங்களுக்கு இடையே அதை நம்பி என்ன முடிவுக்கு வர முடியும்?

இப்போது ‘கெட்’டைப் பின்னோக்கித் துரத்துவோம். டென்மார்க்கைச் சேர்ந்த மொழியறிஞர் ராஸ்க் 1818இலும், ஜெர்மானியரான யாக்கோப் கிரிம் 1822இலும் ஓர் ஒழுங்கைக் காட்டினார்கள். ஆங்கிலம், ஜெர்மன் போன்ற ஜெர்மானிய மொழிகளின் வல்லெழுத்துகள் லத்தீன், கிரேக்கத்தோடு ஒப்பிட்டால் கண்டபடி மாறவில்லை; வரிசையாக, விதிப்படி மாறியிருக்கின்றன. லத்தீனில் பத்துக்கு ‘தெகெம்’, ஆங்கிலத்தில் ‘டென்’: அங்கே மெல்லென ஒலிக்கும் ‘த’, இங்கே வன்மையான ‘ட’. லத்தீனில் அயலானுக்கு ‘ஹோஸ்டிஸ்’, ஆங்கிலத்தில் விருந்தினருக்கு ‘கெஸ்ட்’: அங்கே ‘ஹ’ இருந்த இடத்தில் இங்கே, ‘தங்கம்’ என்று சொல்லும்போது நடுவில் கேட்குமே, அந்தக் ‘க’. இந்த இரண்டு விதியையும் ‘கெட்’ மேல் போட்டுப் பாருங்கள். தலையில் ‘ஹ’, கடைசியில் மெல்லென ஒலிக்கும் ‘த’ உள்ள லத்தீன் உறவு ஒன்று கிடைக்க வேண்டும். கிடைக்கிறது. ‘ப்ரெ-ஹெந்தெரெ’ என்ற வினையின் நடுப்பகுதியான ‘ஹெந்த்’தான் அது. இடையில் உள்ள மூக்கொலி லத்தீன் வினைகளில் நுழையும் ஓர் இடைநிலை. வேட்டைப் பொருளைக் குறித்த ‘ப்ரைதா’ என்ற லத்தீன் பெயர்ச்சொல்லில் அந்த மூக்கொலி இல்லாமலே இதே வேர் இருக்கிறது. ‘ப்ரெடேட்டர்’, அதாவது இரைகொல்லி, என்ற சொல் அதன் பிள்ளை.

‘ப்ரெஹெந்தெரெ’ என்றால் என்ன பொருள்? கையால் எட்டிப் பற்றுதல். ‘ப்ரிசன்’ அதிலிருந்து வந்தது: பிடித்து வைத்த இடம். ‘காம்ப்ரிஹெண்ட்’ அதிலிருந்து வந்தது: மனத்தால் பற்றுதல். ‘அப்ரெண்டிஸ்’ என்ற தொழில் பழகுபவரும், ‘சர்ப்ரைஸ்’ என்ற திடீர்ப் பிடியும் அதே குடும்பம். ஆக ‘கெட்’டின் மூலப் பொருள் ‘கிடைத்தல்’ அல்ல; ‘பற்றுதல்’. அந்த வேரின் மிகப் பழைய வடிவத்தின் கடைசியில் வன்மையான ‘ட’ ஒலியே இருக்கவில்லை.

நம் ‘கிட்டு’ எங்கே தொடங்குகிறது? அருகில். ‘கிட்ட வா’ என்கிறோமே, அதுதான். ‘கிட்டுதல்’ என்றால் நெருங்குதல்; நெருங்கி வந்த பொருள் கைக்குச் சேரும், எனவே கிடைத்தல். ஒன்று கையை நீட்டிப் பற்றியதில் தொடங்கியது; மற்றது பொருள் நம்மை நோக்கி நெருங்கி வந்ததில் தொடங்கியது. இரண்டும் வேறு வேறு ஊரில் புறப்பட்டு ஒரே சந்தியில் வந்து நிற்கின்றன. சந்தியில் மட்டும் பார்ப்பவருக்கு அண்ணன் தம்பி போலத் தெரிகிறது.

தமிழிலிருந்து ஆங்கிலம் உண்மையாகவே கொண்டுபோன சொற்கள் உண்டு. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் மூன்றும் அங்கே போயிருக்கின்றன. அவை எந்தக் கடற்கரையில், யாருடைய வணிகத்தில், எந்த நூற்றாண்டில் ஏறிப் போயின என்று காட்ட முடியும். வழி தெரிகிற சொற்களைப் பெருமையோடு சொல்வோம். வழியே இல்லாத சொற்களையும் சேர்த்துச் சொன்னால், உண்மையானவற்றையும் சேர்த்துத்தான் பிறர் சந்தேகிப்பார்கள். இது எனக்கு மிகவும் மனத்தில் தைக்கிற விஷயம், அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொன்னேன்.

சரி, ‘கெட்’ ஆங்கிலத்துக்குள் எப்படி வந்தது? இங்கேயும் ஒரு வியப்பு இருக்கிறது. இவ்வளவு அடிப்படையான வினை பழைய ஆங்கிலத்தில் தனிச்சொல்லாக வழங்கவில்லை. முன்னொட்டு சேர்ந்த வடிவங்களே இருந்தன: ‘பெ-யியெத்தன்’ என்றால் அடைதல், ‘ஃபொர்-யியெத்தன்’ என்றால் மறத்தல், ‘ஒன்-யியெத்தன்’ என்றால் உணர்தல். கவனியுங்கள், நடுவில் ‘க’ ஒலி இல்லை, ‘ய’ ஒலிதான். எழுதியது அதே எழுத்து என்றாலும் அந்த இடத்தில் உச்சரிப்பு நெகிழ்ந்து ‘ய’ ஆகிவிட்டிருந்தது.

‘க’ ஒலியோடு முழு வினையாக அதைக் கொண்டுவந்தவர்கள் ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள். 793இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைக் கொள்ளையடித்ததில் தொடங்கியது அவர்கள் வருகை. 865இல் பெரும்படையாக வந்தார்கள்; பிறகு இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறி நிலம் உழுதார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி என்று ‘பி’யில் முடியும் ஊர்கள் அவர்கள் வைத்த பெயர்கள்தாம், அவர்கள் மொழியில் அந்தப் ‘பி’ ஊரைக் குறிக்கும். அவர்கள் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் ‘கெத்தா’ என்றொரு வினை: பெறு, பிள்ளை பெறு, ஊகி, முடி என்று பல பொருள் அதற்கு அங்கேயே உண்டு. 1200ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்ட ஆங்கில நூல்களில் இது தென்படத் தொடங்குகிறது.

வெல்ல வந்தவன் மொழியிலிருந்து ஆயுதத்துக்கும் பதவிக்கும் சொல் வாங்குவது எல்லா நாட்டிலும் நடக்கும். ஆனால் ‘பெறு’, ‘எடு’, ‘அவர்கள்’ போன்ற சொற்களை வாங்குவது அரிது. ஆங்கிலம் ‘கெட்’, ‘டேக்’, ‘தே’ மூன்றையும் நோர்ஸிலிருந்து வாங்கியது. அடுப்படியில் சேர்ந்து வாழ்ந்தால்தான் அப்படி நடக்கும். இரண்டு மொழியும் ஒன்றுக்கொன்று பாதி புரியும் அளவுக்கு நெருக்கமானவை. எது நம் சொல், எது அவன் சொல் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது.

இந்தக் கலப்பு ஒரே நாளில் முடியவுமில்லை. இங்கிலாந்தின் முதல் அச்சகக்காரரான வில்லியம் காக்ஸ்டன் 1490இல் ஒரு முன்னுரையில் எழுதிய நிகழ்ச்சி இது. தேம்ஸ் நதியில் கப்பலேறிய வணிகர்கள் காற்றில்லாமல் கரையில் தங்கினார்கள். அவர்களில் ஒருவர் ஒரு வீட்டில் போய் முட்டை கேட்டார். ‘எக்ஸ்’ என்று நோர்ஸ் வழி வந்த சொல்லைச் சொன்னார். அந்த அம்மா, “எனக்குப் பிரெஞ்சு தெரியாது” என்றாராம். கேட்டவருக்குக் கோபம், அவருக்கும்தான் பிரெஞ்சு தெரியாது. பிறகு இன்னொருவர் ‘ஐரன்’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லைச் சொன்ன பிறகே அந்த அம்மாவுக்கு விளங்கியது. முட்டையில் நடந்த அதே இழுபறி ‘கெட்’டிலும் நடந்தது. தெற்கே ‘ஃபொர்யெட்’ என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வடக்கின் ‘க’ வென்றது, ‘ஃபர்கெட்’ என்று ஆயிற்று.

இந்த ‘ஃபர்கெட்’ ஓர் அருமையான சொல். ‘ஃபர்’ என்ற முன்னொட்டு இங்கே விலகலை, தவறவிடுதலைக் காட்டும். பற்றியது நழுவிப் போனால் மறதி. ஜெர்மனில் இதே சொல் ‘ஃபெர்கெஸ்ஸன்’. ஆங்கில ‘வாட்டர்’ ஜெர்மனில் ‘வாஸ்ஸர்’ ஆவது போல ‘ட’ இருந்த இடத்தில் ‘ஸ’.

‘பிகெட்’ என்பது இன்னொரு கிளை: தந்தையாதல், பிள்ளை பெறுதல். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு மகிழ்ச்சி, ஏனென்றால் தமிழரிடம் இதை விளக்கவே வேண்டாம். நம் ‘பெறு’ அப்படியே இதே பாதையில் நடந்திருக்கிறது. பரிசு பெறுகிறோம், பட்டம் பெறுகிறோம், பிள்ளையும் பெறுகிறோம். திருக்குறளில் ஓர் அதிகாரத்துக்கு ‘மக்கட்பேறு’ என்று பெயர். ‘பேறு’ அடைந்த செல்வமும்தான், மகப்பேறும்தான். உறவே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே எண்ணத்தால் ஒரே வழியில் போயிருக்கின்றன. ஒலியில் இருக்கும் ஒற்றுமையைவிட இந்த எண்ண ஒற்றுமை எனக்குப் பெரிதாகப் படுகிறது. ‘கெஸ்’, அதாவது ஊகித்தல், என்ற சொல்லும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததாகவே பெரும்பாலும் கொள்கிறார்கள்: எட்டிப் பிடிக்க முயல்வது.

இனி முதல் கேள்வி. இத்தனை பொருள் எப்படி வந்தது?

ஒரு கை ஒரு பொருளைப் பற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் மூன்று செய்தி இருக்கிறது: கை நீள்கிறது, பொருள் வந்து சேர்கிறது, சேர்ந்த பின் நிலைமை மாறிவிடுகிறது. நூற்றாண்டுகள் போகப் போக ‘கெட்’ முதல் செய்தியை மெல்ல உதிர்த்துவிட்டது. கை நீள வேண்டியதில்லை; கடிதம் தானே வந்தாலும் ‘கெட்’தான். பிறகு இரண்டாவதையும் உதிர்த்தது. பொருள்கூட வேண்டாம், நிலைமை மாறினால் போதும், ‘கெட்’. ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சேர்வது என்ற அந்த எலும்புக்கூடு மட்டும் மிஞ்சியது. எலும்புக்கூடு எந்த உடலுக்கும் பொருந்துமல்லவா?

‘கெட் அப்’, ‘கெட் அவுட்’ போன்றவை எப்படி வந்தன என்று பாருங்கள். முன்பு ‘உன்னை அங்கே கொண்டுபோ’ என்பது போல ‘கெட் தீ’ (இந்தத் ‘தீ’ என்றால் ‘உன்னை’) என்று தன்னையே பொருளாக வைத்துச் சொன்னார்கள். தன்னைத் தானே பிடித்து இன்னோர் இடத்தில் வைப்பது. பிறகு ‘தீ’ உதிர்ந்தது. ‘கெட்’ இயக்க வினையாயிற்று. தமிழில் ‘கொள்’ என்ன செய்கிறது? கொள்முதல், கொள்வினை, கொள்ளை எல்லாவற்றிலும் அது ‘எடு, பற்று’. ஆனால் ‘எழுந்துகொள்’, ‘ஒதுங்கிக்கொள்’, ‘படுத்துக்கொள்’ என்னும்போது அது எதையும் பற்றவில்லை. செயலைத் தன்மேல் திருப்புகிறது. ‘கெட் அப்’ என்பதற்கு ‘எழுந்துகொள்’ என்பதே எலும்போடு எலும்பு பொருந்தும் பெயர்ப்பு.

‘ஹேவ் காட்’ என்பது பலரைக் குழப்பும். ‘ஐ ஹேவ் காட் எ கார்’ என்றால் ‘என்னிடம் கார் இருக்கிறது’. அடைந்துவிட்டேன் என்பதிலிருந்து வைத்திருக்கிறேன் என்பதற்கு 16ஆம் நூற்றாண்டின் கடைசி வாக்கில் வந்து சேர்ந்தது. இதிலும் ‘கொள்’ளையே நினைத்துக்கொள்ளுங்கள்: ‘நான்கு அறைகளைக் கொண்ட வீடு’ என்கிறோம். வீடு எந்த அறையையும் போய் எடுக்கவில்லை. ‘கொண்ட’ என்றால் ‘உடைய’. எடுத்தல் முடிந்தால் இருத்தல். ‘ஹேவ் காட் டு’ என்று கடமைப் பொருளில் வருவது இதிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கிளைத்தது. பேச்சில் அது ‘காட்டா’ என்று தேய்ந்தது.

அடுத்து ‘ஆகு’ என்ற பொருள்: ‘கெட் ஆங்க்ரி’, ‘கெட் ஓல்ட்’, ‘கெட் வெட்’. இங்கே தமிழ் ஒரே சொல்லில் நிற்காது. கோபம் வந்தது, கோபப்பட்டான், கோபங்கொண்டான் என்று மூன்று விதமாகச் சொல்வோம், மூன்றும் ஒன்றல்ல. ‘வந்தது’ என்றால் கோபம் வெளியிலிருந்து ஏறியது. ‘பட்டான்’ என்றால் அதில் அகப்பட்டான். ‘கொண்டான்’ என்றால் அவனே எடுத்துக்கொண்டான். ஆங்கிலம் மூன்றையும் ஒரே சாக்கில் கட்டிவிடுகிறது. மொழிபெயர்ப்பவர்கள் ‘கெட் ஆங்க்ரி’யைக் கண்டால் இந்த மூன்றில் எது என்று ஒரு கணம் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

செயப்பாட்டில் வரும் ‘கெட்’தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ‘ஹி வாஸ் அரெஸ்டட்’ என்றால் கைதுசெய்யப்பட்டான், செய்தித்தாள் நடை. ‘ஹி காட் அரெஸ்டட்’ என்றால் போலீஸில் மாட்டிக்கொண்டான். நடந்தது ஒன்றுதான். ஆனால் இரண்டாவதில் அவனுக்கு நேர்ந்த கதி தெரிகிறது. ‘அவன் பங்கும் இதில் உண்டு’ என்ற சாடையும் சேர்ந்துகொள்கிறது. இலக்கணப் பாடநூல்கள் இதைப் பேச்சு வழக்கு என்று ஒதுக்கிவிடும். ஒதுக்கக் கூடாது. ‘அடிக்கப்பட்டான்’ என்று எந்தத் தமிழன் பேசுகிறான்? ‘அடி வாங்கினான்’, ‘திட்டு வாங்கினான்’, ‘உதை வாங்கினான்’ என்றுதானே பேசுகிறோம். ‘வாங்கு’ என்றால் பெறு. ஆங்கிலேயர் ‘காட் பீட்டன்’ என்னும்போது செய்வதும் இதுவேதான். இந்த ‘வாங்கு’வின் கதையும் சுவையானது: பழைய தமிழில் அது வளைத்தல், இழுத்தல். வில்லை வாங்குவார்கள், அதாவது நாணை இழுத்து வளைப்பார்கள். தன் பக்கம் இழுப்பது பெறுவதாயிற்று. காசு கொடுத்துப் பெறுவதும் ஆயிற்று. கடைசியில் அடியும் அதில் சேர்ந்தது.

நல்லது நடந்தால் என்ன செய்வது? தமிழ் அதற்கும் ஒரு வேறுபாடு வைத்திருக்கிறது. ‘படு’, ‘பெறு’ இரண்டும் செயப்பாட்டுக்கு வரும். ஆனால் ‘விழா சிறப்பாக நடத்தப்பெற்றது’ என்று எழுதும்போது பேறு என்ற நல்ல மணம் வந்துவிடுகிறது. வியட்நாமிய மொழியிலும் இதே ஏற்பாடு இருக்கிறது: பெறுதலைக் குறிக்கும் சொல் நன்மைக்கு, துன்புறுதலைக் குறிக்கும் சொல் தீமைக்கு. ஆங்கிலத்தின் ‘கெட்’ இரண்டையும் தாங்கும்: ‘காட் ப்ரமோட்டட்’ என்றும் சொல்லலாம், ‘காட் ஃபயர்ட்’ என்றும் சொல்லலாம்.

‘கெட் டு சீ’ என்ற தொடருக்குச் சென்னையில் இருப்பவர்கள் ‘பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது’ என்று சுற்றி வளைப்பார்கள். இலங்கைத் தமிழர் ‘பார்க்கக் கிடைத்தது’ என்று ஒரே வீச்சில் முடித்துவிடுவார்கள். அழகான தமிழ், நாமும் எடுத்துக்கொள்ளலாம். பெறுதல் என்ற வினை ‘இயலுதல்’ என்ற பொருளுக்கு நகர்வது உலகில் பல மொழிகளில் நடந்திருக்கிறது. இன்றைய ஐஸ்லாந்து மொழியில் அந்தப் பழைய ‘கெத்தா’ ‘என்னால் முடியும்’ என்று சொல்லத்தான் பெரிதும் பயன்படுகிறது. ஹாங்காங்கில் பேசும் கான்டனீஸ் சீனத்திலும் பெறுதலைக் குறிக்கும் சொல்லே முடியும் என்பதற்கும் வரும்.

ஒரு பிழையையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நன்றாக ஆங்கிலம் பேசும் நம்மவர்களும் இதில் வழுக்குகிறார்கள். ‘நேற்று முடி வெட்டிக்கொண்டேன்’ என்கிறோம், வெட்டியவர் கடைக்காரர். ‘போன வருஷம் வீடு கட்டினேன்’ என்கிறோம்; கட்டியவர் கொத்தனார். தமிழில் இது பிழையே இல்லை, கேட்பவருக்கும் ஐயம் வராது. அதையே ‘ஐ கட் மை ஹேர்’ என்று சொன்னால் ஆங்கிலேயர் நீங்களே கண்ணாடி முன் நின்று கத்தரிக்கோல் பிடித்ததாக எடுத்துக்கொள்வார். ‘ஐ காட் மை ஹேர் கட்’ என்றால்தான் சரி. பிறர் கையால் நமக்கு ஆன வேலைக்கு ஆங்கிலத்தில் ‘கெட்’ வேண்டும்.

‘புரிதல்’ என்ற பொருளில் ஒரு வேடிக்கையான சுற்று நடந்திருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ‘ஒன்-யியெத்தன்’ என்றால் உணர்தல் என்று மேலே சொன்னேன். அந்தச் சொல் செத்துப்போயிற்று. பின்னாளில் பிரெஞ்சு, லத்தீன் வழியாக ‘காம்ப்ரிஹெண்ட்’ வந்தது. அதே வேர், அதே பொருள், வேறு வாசல். இன்று இளையவர்கள் ‘ஐ காட் இட்’ என்கிறார்கள். மூன்றாம் முறையாக அதே வேர் அதே பொருளைப் பற்றியிருக்கிறது. பற்றுதலுக்கும் புரிதலுக்கும் மனித மனத்தில் அவ்வளவு நெருக்கம். நாமும் ‘கணக்கு பிடிபடவில்லை’, ‘சூட்சுமம் பிடிபட்டுவிட்டது’ என்கிறோமே.

ஆனால் தமிழின் ‘பிடி’ ஒரு முக்கியமான இடத்தில் திரும்பிக்கொள்கிறது. ஆங்கிலேயர் ‘ஐ காட் எ கோல்ட்’ என்கிறார்: நான் சளியைப் பெற்றேன். நாம் ‘எனக்குச் சளி பிடித்தது’ என்கிறோம். கை சளியினுடையது; பிடிபட்டவன் நான். ‘எனக்கு இந்தப் பாட்டு பிடிக்கும்’ என்பதும் அப்படித்தான். பாட்டு என்னைப் பிடிக்கிறது. ‘வேலை கிடைத்தது’, ‘தூக்கம் வந்தது’, ‘பைத்தியம் பிடித்தது’ எல்லாவற்றிலும் பொருள்தான் எழுவாய், நான் நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறேன். ஆங்கிலம் அந்த இடங்களிலும் ‘ஐ’யை முன்னால் நிறுத்தி, அதன் கையில் ஒரு ‘கெட்’டைக் கொடுத்துவிடுகிறது. நமக்குக் ‘கெட்’ கடினமாக இருப்பதற்குக் காரணம் பொருள்களின் எண்ணிக்கை அல்ல என்பது என் கருத்து. தமிழில் ‘எனக்கு’ என்று தொடங்கும் வாக்கியத்தை ஆங்கிலத்தில் ‘ஐ’ என்று தொடங்க வேண்டியிருக்கிறது. அந்தத் திருப்பத்தில்தான் கால் இடறுகிறது. எனவே பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். உங்கள் ‘எனக்கு’ வாக்கியங்களை எடுத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பழகுங்கள். எனக்குக் கடிதம் வந்தது, எனக்குப் பசி எடுத்தது, எனக்கு நேரம் கிடைக்கவில்லை, எனக்குப் புரியவில்லை: நான்கையும் ‘ஐ’யும் ‘கெட்’டும் வைத்துச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள், முடியும்.

வடிவங்களைப் பற்றி ஒரு சொல். ஜேம்ஸ் மன்னர் காலத்து 1611 விவிலியத்தில் இறந்தகாலம் ‘கேட்’ என்றே பல இடத்தில் இருக்கும். ‘காட்’ பிறகு நிலைத்தது. ‘ஹேவ்’ என்பதன் பின்னால் வரும் மூன்றாம் வடிவமாக, ‘ஃபர்காட்டன்’ என்பதன் வாலில் வருகிற அந்தக் ‘காட்டன்’ அன்று இங்கிலாந்திலும் வழங்கியது. குடியேறிகள் அதை 17ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. இங்கிலாந்தின் பொது வழக்கில் அது பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆகவே அமெரிக்கர் ‘காட்டன்’ என்றால் அது கெட்டுப்போன ஆங்கிலம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பழையதைக் காத்தவர்கள் அமெரிக்கர்களே. அவர்கள் அதில் ஒரு நுட்பமும் வைத்திருக்கிறார்கள்: ‘ஹேவ் காட்’ என்றால் வைத்திருக்கிறேன், ‘ஹேவ் காட்டன்’ என்றால் புதிதாக அடைந்திருக்கிறேன். பிரிட்டிஷ் பாணியில் பயின்ற நாம் ‘காட்’ என்றே இரண்டு இடத்திலும் எழுதினால் போதும். தேர்வுத்தாளில் இரண்டு பாணியையும் கலக்காதீர்கள்.

கேட்டவர் தந்த வாக்கியத்தைத் தமிழில் வைத்துப் பார்த்தேன்: “லேட்டாக எழுந்தேன், அவசரமாகக் கிளம்பி, பஸ்ஸைப் பிடித்து, ஆபீஸ் போய்ச் சேர்ந்து, திட்டு வாங்கினேன்.” ஐந்து ‘கெட்’டில் இரண்டு இடத்தில் தமிழே கையை நீட்டிவிட்டது: பிடித்தேன், வாங்கினேன்.